மவுண்ட்ரோடு காட்டும் பாடம்

வெளியூரில் படிப்பகம் ஒன்றை நடத்தி வரும் நமது தோழர் ஒருவர் சென்ற வாரம் சென்னைக்கு வந்திருந்தவர், நம்மையும் பார்த்துவிட்டுப் போக வந்திருந்தார். பட்டணத்தில் என்னென்ன பார்த்தீர்கள் என்று கேட்டதற்கு, மவுண்ட்ரோடு முழுவதும் ஆட்டோவில் போய்ப் பார்த்ததாகச் சொன்னார். சொல்லிவிட்டு ஒரு சந்தேகத்தையும் கிளப்பினார். தீவுத்திடல் பக்கத்திலே குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் ஒரு வெள்ளைக்காரர் சிலை இருக்கின்றதே, அதைச் செய்த சிற்பி அங்கவடி வைக்க மறந்துவிட்டான் என்றும், சிலையைத் திறந்த பிறகு யாரோ அதை எடுத்துக்காட்ட, அவமானம் தாங்காமல் உயிரை மாய்த்துக் கொண்டான் என்றும் ஆட்டோக்காரர் சொன்னாராம். “இது மெய்தானா?” என்பது தோழரின் கேள்வி.

மெய்யல்ல என்று அப்போதே சொல்லிவிட்டோம். ஆனாலும் அவர் போன பிறகு யோசித்துப் பார்த்ததில், இந்த ஒரு தெருவைப்பற்றியே நமது மக்கள் எத்தனை கதைகளை நம்பிக்கொண்டிருக்கின்றார்கள், அதே தெருவில் கண்ணெதிரே நிற்கும் எத்தனை உண்மைகளைப் பாராமல் போகின்றார்கள் என்பது நம் மனதில் பட்டது. ஆகவே அதைப் பற்றியே இவ்வாரம் சில வார்த்தைகள் எழுதத் துணிந்தோம்.

முதலாவது, தெரு என்பதே ஒரு பெரிய சங்கதி என்பதை நமது வாசகர்கள் மறக்கக் கூடாது. 1924-ல் வைக்கத்தில் நடந்தது என்ன? கோயிலுக்குள் போகக்கூட அல்ல, கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்கே மனிதர்கள் சிறைக்குப் போக வேண்டியிருந்தது. பெரியாரும் போனார். நாயும் பன்றியும் தாராளமாய் நடந்த தெருவில் மனிதன் நடந்தால் தீட்டு என்றார்கள். மவுண்ட்ரோடோ கோட்டையிலிருந்து பரங்கிமலைக்குப் பட்டாளமும் வண்டியும் போவதற்கென்று ஏற்பட்ட பாதை. போட்டவன் நமக்குச் சுயமரியாதை கொடுப்பதற்காகப் போடவில்லை. தன் சௌகரியத்துக்காகவே போட்டான். ஆனாலும் அதை எந்தச் சாஸ்திரத்தைப் பார்த்தும் போடாததனால், அதில் நடக்க யாரும் ஜாதி கேட்கவில்லை. அண்ணா மறைந்த பின் அதற்கு அண்ணா சாலை என்று பெயர் வந்தது. பழைய பெயரும் மக்கள் வாயில் இருந்து வருகின்றது. பெயர் எதுவாயினும் தெரு ஒன்றுதான்.

நிற்க, அந்தக் குதிரைக்கு வருவோம். குதிரைமேல் இருப்பவர் சர் தாமஸ் மன்றோ. 1820 முதல் 1827 வரையில் சென்னைக் கவர்னராய் இருந்தவர். சிலையைச் செய்தவர் பிரான்சிஸ் சாண்ட்ரே என்ற ஆங்கிலேயர். பொதுமக்களிடம் பணம் வசூலித்துச் செய்யப்பட்ட அச்சிலை 1839-ல் இங்கே நிறுத்தப்பட்டது. சாண்ட்ரே 1841-ல் வயதாகி நோயால் இறந்தாரேயொழிய எந்த அங்கவடிக்காகவும் உயிரை விடவில்லை. அதோடு, லண்டன் டிரபால்கர் சதுக்கத்தில் நான்காம் ஜார்ஜ் மன்னருக்கு அவரே செய்த குதிரைச் சிலை இருக்கின்றது. அதிலும் சேணமில்லை, அங்கவடியில்லை. ஒரு சிலையில் மறந்தான் என்று சொல்லலாம். அரசனுடைய சிலையிலுமா மறப்பான்? வேண்டுமென்றே அப்படிச் செய்தான் என்பது சிறு பிள்ளைக்கும் விளங்கும். ஆனால் கதை கட்டியவனுக்கு இவ்வளவு விசாரணை எதற்கு? “ஐயோ பாவம்” என்று கேட்பவன் ஒரு பெருமூச்சு விட்டால் கதை நிலைத்துவிடும். புராணங்களும் இப்படித்தான் நிலைத்தன என்பது நமது அபிப்பிராயம்.

இந்த மன்றோவைப்பற்றி இன்னொரு கதையும் உண்டு. அவர் பல்லாரிப் பக்கத்தில் கலெக்டராய் இருந்தபோது, மந்திராலயத்து மடத்தின் நிலத்தைப்பற்றி விசாரிக்கப் போனாராம். அங்கே 1671-லேயே சமாதியான ராகவேந்திர சுவாமி நேரில் எழுந்தருளி அவரோடு பேசினாராம். கூடப் போனவர்கள் ஒருவர் கண்ணுக்கும் சுவாமி தெரியவில்லையாம். உடனே நிலம் மடத்துக்கே என்று தீர்ப்பாயிற்றாம். கூட இருந்தவர் யாரும் பார்க்கவில்லை என்று கதையே ஒப்புக்கொள்ளுகின்றது. கதையினால் லாபம் அடைந்தது மடம் என்பதையும் கதையே ஒப்புக்கொள்ளுகின்றது. இனி நாம் சொல்லுவதற்கு என்ன மிச்சமிருக்கின்றது? ஏழைக் குடியானவன் நிலத்தைப் பறிகொடுக்கும்போது எந்தச் சுவாமியாவது எந்தக் கலெக்டருக்காவது காட்சி கொடுத்து அதைத் திருப்பி வாங்கிக் கொடுத்ததாக ஒரு கதையாவது உண்டா என்று மாத்திரம் கேட்டு வைக்கின்றோம்.

மகானைக் கண்டதாகச் சொல்லப்படும் அதே மன்றோ, 1827-ல் சுற்றுப்பிரயாணத்தில் பட்டிகொண்டாவில் காலராக் கண்டு இறந்து போனார். மந்திராலயமும் பட்டிகொண்டாவும் இன்று ஒரே கர்நூல் ஜில்லாப் பக்கத்தில் இருப்பவைதான். காலரா அசுத்தத் தண்ணீரால் பரவுகின்றது என்பதை 1854-ல் லண்டனில் ஜான் ஸ்நோ என்ற வைத்தியர் ஒரு குழாயடியை வைத்துக் கண்டுபிடித்துக் காட்டினார். அது தெரியாத காலத்தில் கவர்னரும் செத்தார், கூலியாளும் செத்தான். தெரிந்த பிறகு இருவரும் பிழைக்கின்றார்கள். மனிதரைக் காப்பாற்றியது தரிசனமா, தண்ணீரைப் பற்றிய அறிவா?

மன்றோவுக்கு உள்ள பெருமையையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. நடுவில் ஜமீன்தார் இல்லாமல் சர்க்காரே குடியானவனிடம் நேரில் வரி வாங்கும் ரயத்துவாரி முறையை நிலைநாட்டியவர் அவர். ஆனால் அந்தக் கணக்கிலும் பட்டா யார் பெயரில் எழுதப்பட்டதோ அவனே குடியானவன் ஆனான். சேற்றில் இறங்கி உழுத பள்ளனும் பறையனும் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் பெரும்பாலும் கணக்கிலேயே வரவில்லை. குதிரைமேல் இருப்பவருக்கு அங்கவடி இல்லையே என்று 180 வருஷத்துக்கு மேலாக வருத்தப்படுகின்றவர்கள், உழுதவனுக்குக் காணி இல்லையே என்று ஒரு நாள் வருத்தப்பட்டிருந்தால் நாடு வேறுவிதமாய் இருந்திருக்கும்.

இனி, இல்லாத ஒரு சிலையைப் பார்ப்போம். ஸ்பென்சர் பக்கத்திலே கர்னல் நீல் என்பவனுக்கு ஒரு சிலை இருந்தது. 1857-ல் வடக்கே அலகாபாத்திலும் கான்பூரிலும் மக்களைக் கொடுமையாய்க் கொன்று, தூக்கிலிடு முன் கைதிகளை இரத்தக் கறையைத் துடைக்கச் செய்த ஆசாமி இவன். அதே வருஷம் லக்ஷ்மணபுரியில் குண்டு பட்டு இறந்தான். அவன் சென்னைப் பட்டாளத்தைச் சேர்ந்தவன் என்பதால் இங்கே அவனுக்குச் சிலை. 1927-ல் தென் ஜில்லாக்களிலிருந்து வாலிபர்கள் வந்து அச்சிலையை எடுக்க வேண்டுமென்று கிளர்ச்சி செய்து சிறை சென்றார்கள். கடைசியில் 1937-ல் காங்கிரஸ் மந்திரி சபை வந்தபோது சிலை எடுக்கப்பட்டது. இன்று எழும்பூர்க் காட்சிசாலையில் இருக்கின்றது. கல்லானாலும் உலோகமானாலும் மனிதன் வைத்ததை மனிதன் எடுக்கலாம். எடுத்த அன்று வானம் இடிந்து விழவில்லை, மழை பெய்யாமல் போகவில்லை. இந்த உண்மையை நன்றாய் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இது நமக்கே வேண்டியிருக்கும்.

இத்தெருவை ஒட்டியே வெள்ளைக்காரர்கள் 1832-ல் மெட்ராஸ் கிளப் என்று ஒன்றை ஏற்படுத்தி, இந்தியர் எவரையும் அங்கத்தினராய்ச் சேர்ப்பதில்லை என்று வைத்திருந்தார்கள். நம்முடைய பெரிய மனிதர்களுக்கு இது பெரிய அவமானமாய்த் தோன்றிற்று. இதே ரோட்டில் இருக்கும் காஸ்மாபாலிட்டன் கிளப் 1873-ல் ஏற்பட்டது. அவமானம் என்று பட்டது நியாயந்தான். ஆனால் வெள்ளைக்காரன் தன் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டான் என்று கொதித்த கனவான்களில் எத்தனை பேர், தங்கள் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் மொள்ள எல்லா ஜாதியாரையும் விட்டார்கள்? தனக்கு மேலே இருப்பவன் மிதித்தால் அநியாயம், தான் கீழே இருப்பவனை மிதித்தால் ஆசாரம் என்கின்ற புத்தி இந்நாட்டின் தனிச் சொத்து.

அதே ரோட்டில் 1913-ல் எலெக்டிரிக் தியேட்டர் என்று ஒரு படக் கொட்டகை வந்தது. இன்றும் அக்கட்டடம் தபாலாபீஸைச் சேர்ந்ததாய் நிற்கின்றது. சினிமாவினால் விளைந்த கேடுகளைப்பற்றி நாம் சொல்ல வேண்டியது எவ்வளவோ உண்டு. ஆனால் கொட்டகைக்காரன் காசைப் பார்த்து இடம் கொடுத்தானேயொழிய கோத்திரம் பார்த்துக் கொடுக்கவில்லை. விளக்கை அணைத்த பின் பக்கத்தில் இருப்பவன் யார் என்று யாருக்கும் தெரியாது. மகான்கள் நூற்றுக்கணக்கான வருஷம் உபதேசித்தும் நடக்காத காரியத்தை ஒரு டிக்கட்டுத் துண்டு கொஞ்சமாவது நடத்திக் காட்டிற்று.

இனி கடிகாரக் கடைக்கு வருவோம். 1849-ல் ஏற்பட்ட பி. ஆர் அண்ட் சன்ஸ் என்னும் பெயர்பெற்ற கடை இத்தெருவில்தான். அக்கடைக் கடிகாரத்தைப் பார்த்து நேரம் வைத்துக் கொண்ட பலர், வீட்டுக்குப் போனதும் காலண்டரைப் பார்த்து ராகு காலத்துக்குப் பயந்து திண்ணையில் உட்கார்ந்து விடுகின்றார்கள். திங்கட்கிழமை காலை ஏழரை முதல் ஒன்பது, வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு என்று காலண்டர் சொல்லுகின்றது. இது யார் கடிகாரத்துக்குச் சொன்ன கணக்கு? முன்னே சென்னைக்கென்று தனி நேரம் இருந்தது. இந்தியா முழுமைக்கும் ஒரே நேரம் என்று 1906-ல் சர்க்கார் ஏற்பாடு செய்தபோது, பழைய சென்னை நேரத்துக்கும் புது நேரத்துக்கும் ஏறக்குறைய 9 நிமிஷ வித்தியாசம். சர்க்கார் உத்திரவுக்குக் கீழ்ப்படிந்து ராகுவும் 9 நிமிஷம் தள்ளி நின்றாரா?

இல்லை, சூரியோதயத்திலிருந்து கணக்கிட வேண்டும் என்று பஞ்சாங்கக்காரர் சொல்லக்கூடும். நல்லது. சென்னையில் மே கடைசியில் சூரியன் 5.40-க்கு ஒட்டி உதிக்கின்றது. ஜனவரிக் கடைசியில் 6.35-க்கு ஒட்டி உதிக்கின்றது. அப்படியானால் ஊரார் எல்லாரும் சுவரில் மாட்டிப் பார்க்கும் காலண்டர் நேரம் தப்பு என்று ஆகின்றது. தப்பான நேரத்தில் காரியம் தொடங்கிய இத்தனை லக்ஷம் பேரும் நாசமாய்ப் போகவில்லையே! 2019 முதல் இந்த ரோட்டுக்கு அடியிலேயே, தேனாம்பேட்டைக்கும் வண்ணாரப்பேட்டைக்கும் இடையே மெட்ரோ ரயில் ஓடுகின்றது. ராகு காலத்திலும் எமகண்டத்திலும் பூமிக்கடியிலேயே ஓடுகின்றது. அதில் ஏறுகின்ற ஆஸ்திகர் ஒருவராவது நேரம் பார்த்து இறங்கிவிட்டதாக நாம் கேள்விப்படவில்லை. ரயில் தவறிவிடும் என்று பயம் வந்தால் ராகு பயம் போய்விடுகின்றது. இதுதான் அந்தப் பயத்தின் யோக்கியதை.

பதினாலு மாடி என்று கிராமத்தார் அண்ணாந்து பார்த்த எல்.ஐ.சி. கட்டடமும் இவ்விதப் பாடந்தான் சொல்லுகின்றது. எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் தமது இன்ஷியூரன்ஸ் கம்பெனிக்காக 1953-ல் தொடங்கிய கட்டடம் அது. அவர் 1954-ல் ஆகாய விமான விபத்தில் இறந்தார். 1956-ல் ஆயுள் இன்ஷியூரன்ஸ் தேசவுடைமையாக்கப்பட்டு, 1959-ல் கட்டடம் திறக்கப்பட்டது. இன்ஷியூரன்ஸ் கட்டப் போகின்றவனிடம் என்ன கேட்கின்றார்கள்? வயது என்ன, வியாதி உண்டா, என்ன தொழில், டாக்டர் பரிசோதித்தாரா என்று கேட்கின்றார்கள். ஜாதகத்தில் ஆயுள் ஸ்தானம் எப்படி, எந்த நக்ஷத்திரம் என்று கேட்பதில்லை. எந்த வயதில் ஆயிரத்துக்கு எத்தனை பேர் இறக்கின்றார்கள் என்ற மரணக் கணக்கைக் கொண்டுதான் பிரிமியம் வைக்கின்றார்கள். ஆயுளைச் சொல்லிக் காசு வாங்குகின்ற ஜோசியர்களில் யாராவது, தமது சொல் பொய்த்தால் இவ்வளவு ரூபாய் தருகின்றேன் என்று எழுதிக் கொடுப்பாரா? கொடுக்கமாட்டார். தலையெழுத்து என்று சொல்லுகின்றவரும் பாலிசியை மாத்திரம் பத்திரமாய்ப் பெட்டியில் வைத்துப் பூட்டுகின்றார்.

ஜெமினி மேம்பாலம் 1973-ல் திறக்கப்பட்டது. அதற்கும் அண்ணா பெயரே. அங்கே திமிறும் குதிரையை ஒரு மனிதன் பிடித்து அடக்குவதாய்ச் சிலை இருக்கின்றது. குதிரைப் பந்தயத்தை ஒழித்ததன் ஞாபகம் அது. 1974-ல் தமிழ்நாடு சர்க்கார் சட்டம் செய்தது. ஆனால் 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு, குதிரைப் பந்தயம் சூதாட்டம் அல்ல, திறமையான விளையாட்டு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. பந்தயம் திரும்பி வந்தது. சிலை மாத்திரம் குதிரையை அடக்கிக்கொண்டே நிற்கின்றது. சிலை வைத்துவிட்டால் காரியம் முடிந்துவிட்டது என்று நினைப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை இல்லை.

சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடக்கும் பாலத்துக்கு இப்போது மறைமலையடிகள் பெயர். சைவப் பற்றினால் நமது இயக்கத்தோடு மாறுபட்டவரானாலும் தமிழுக்கு உழைத்தவர் என்பதால் அதில் நமக்கு ஆக்ஷேபணையில்லை. ஆனால் அவ்விடத்தில் முதன்முதல் 1726-ல் தன் சொந்தச் செலவில் பாலம் கட்டிக் கொடுத்தவர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வியாபாரி. பரங்கிமலை மாதா கோயிலுக்குப் படிக்கட்டுக் கட்டியவரும் அவரே. பக்தியினால் கட்டினார் என்றே இருக்கட்டும். பாலம் மதம் கேட்டதா? அந்நிய தேசத்தார் கட்டிய பாலத்தில் நமது ஆசாரக்காரர்களும் நனையாமல் நடந்தார்கள். கோயிலுக்குக் கொட்டிய பணம் கோயிலாரோடு போயிற்று. பாலத்துக்குக் கொடுத்த பணம் போவோர் வருவோர் எல்லாருக்கும் பயன்பட்டது.

தெருவுக்குப் பெயர் கொடுத்த பரங்கிமலைக்கு வருவோம். அம்மலையில் 1547-ல் போர்த்துகீசியர் கண்டெடுத்த ஒரு கல் சிலுவை இருக்கின்றது. பழைய பாரசீக எழுத்து வெட்டிய அச்சிலுவை முற்காலத்தில் இரத்த வியர்வை சிந்திற்று என்று நம்புகின்றவர்கள் உண்டு. ஈரக்காற்று குளிர்ந்த கல்லில் பட்டால் நீர் கோர்க்கும். இந்துவின் புரட்டு ஒரு நியாயம், கிறிஸ்துவரின் புரட்டு ஒரு நியாயம் என்று நமக்கு இல்லை. ஆனால் அதே மலையடிவாரத்தில் 1802 ஏப்ரலில் லாம்டன் என்ற இராணுவ உத்தியோகஸ்தர் சங்கிலி வைத்து ஏழரை மைல் தூரம் பூமியை அளந்தார். அந்த ஒரு கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாய் அளந்துகொண்டே போய், கடைசியில் இமயமலைச் சிகரங்களின் உயரத்தைக்கூட அடிக் கணக்கில் சொல்லிவிட்டார்கள். எவரெஸ்ட் 29,002 அடி என்று 1856-ல் வெளியிட்டார்கள்; இன்றைய கணக்குக்கும் அதற்கும் முப்பது அடி சுமார்தான் வித்தியாசம். ஒரே மலையில் ஒரு பக்கம் கல் வியர்த்தது என்று மக்கள் மண்டியிட்டார்கள். இன்னொரு பக்கம் ஒரு மனிதன் சங்கிலியைப் பிடித்து அளந்தான். உலகம் எதனால் முன்னேறிற்று என்பதை வாசகர்களே யோசித்துக் கொள்ளட்டும்.

கடைசியாக, நமது சொந்த வீட்டுச் சங்கதி ஒன்று சொல்ல வேண்டும். சிம்சன் பக்கத்தில் பெரியார் சிலை இருக்கின்றது. வாலாஜா ரோட்டு முனையில் 1968 முதல் அண்ணா சிலை இருக்கின்றது. நாமும் பிறந்த நாளில் மாலை போடுகின்றோம். நாம் தேங்காய் உடைப்பதில்லை, வரம் கேட்பதில்லை, அந்தச் சிலைக்குச் சக்தி உண்டு என்று யாரையும் ஏமாற்றுவதில்லை என்பது உண்மையே. ஆனால் அதோடு நமது யோக்கியதை முடிந்துவிட்டதா? பொதுத் தெருவில் புதிதாய்க் கோயிலோ மசூதியோ மாதா கோயிலோ கட்டக் கூடாது என்று 2009-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்திரவிட்டதை நாம் கைதட்டி வரவேற்றோம். 2013-ல் அதே கோர்ட்டு பொது ரோட்டில் சிலைகளும் வைக்கக் கூடாது என்று சொன்னபோது நம்மவர்கள் பலருக்கு முகம் சுருங்கிற்று. 2019-ல் சென்னையில் கட்சிக்காரர் ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு ரோட்டில் கட்டிய பானர் விழுந்து, வண்டியில் போன ஓர் இளம்பெண் உயிரிழந்தார். நடைபாதைப் பிள்ளையார் வழியை மறித்தால் மூடத்தனம், நமது தலைவர் படம் போட்ட பானர் வழியை மறித்தால் கொள்கையா? இதை எதிரி கேட்பதற்கு முன் நாமே கேட்டுக் கொள்வதுதான் பகுத்தறிவு.

வழி என்பது நடப்பவனுக்குச் சொந்தம். வைக்கத்தில் சிறை சென்றது இதற்காகத்தான். அந்த வழியைச் சாமியின் பேரால் மறித்தாலும் தலைவர் பேரால் மறித்தாலும் நடப்பவனுக்குக் கஷ்டம் ஒன்றுதான். இருக்கின்ற சிலைகள் ஞாபகத்துக்கு இருக்கட்டும். ஆனால் சிலையின் காலடியில் போய் நிற்கின்ற தோழர் ஒவ்வொருவரும், அந்த மனிதர் சொன்னதில் எதை நாம் நம் வீட்டில் நடத்தினோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வீட்டில் ஜாதி பார்த்துக் கலியாணம் செய்துவிட்டு ரோட்டில் மாலை போடுகின்றவன், ஜெமினி பக்கத்துக் குதிரைச் சிலைக்குச் சமானம். பிடித்திருப்பதாய்த் தோன்றும், ஆனால் பந்தயம் நடந்துகொண்டே இருக்கும்.

ஆகவே வெளியூர்த் தோழர்களுக்கு நாம் சொல்லுவது: பட்டணம் வந்தால் மவுண்ட்ரோட்டைப் பாருங்கள். ஒவ்வொரு கட்டடத்தின் முன்னும் சிலையின் முன்னும் நின்று, இதை யார் வைத்தது, எப்போது வைத்தது, யார் பணத்தில் வைத்தது, யாருக்கு லாபம், இதைப்பற்றிச் சொல்லும் கதைக்கு என்ன ருஜு என்று ஐந்து கேள்வி கேளுங்கள். ஊருக்குத் திரும்பியதும் உங்கள் ஊர்க் கோயிலின் முன்னும் இதே ஐந்து கேள்வியைக் கேளுங்கள். நமது இயக்கத்தார் வைத்த கொடிக்கம்பத்தின் முன்னும் கேளுங்கள். வருகின்ற பிறந்த நாளில் மாலைக்கும் பானருக்கும் எடுத்து வைத்த பணத்தில் பாதியையாவது படிப்பகத்துக்குப் புத்தகம் வாங்கச் செலவிடுங்கள். நமது தோழர் கேட்ட அங்கவடிக் கேள்வியைப் போலக் கேள்வி கேட்கின்றவர்கள் ஊருக்குப் பத்துப்பேர் ஏற்பட்டால் அதுவே நமக்குப் போதும்.